தோல் தொழிலை வளர்த்த ஆவாரை

பாலாற்றை ஒட்டி வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்துக்கும், அதைச் சூழ்ந்த ஜவ்வாதுமலை, ஏலகிரி அடிவாரங்களின் வறண்ட புதர்க்காட்டுக்கும் இடையே பழைய உறவு ஒன்று உண்டு. அந்த உறவின் பெயர் ஆவாரை. குரோம் உப்பு வருவதற்கு முன், சுண்ணாம்பு நீரில் ஊறி மயிர் நீங்கிய தோல்கள் ஆவாரம்பட்டைச் சாற்றில்தான் பதமாயின. பட்டையில் உள்ள துவர்ப்பொருள், அதாவது தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கும் பொருள், வெளிர்நிறமும் நெகிழ்வும் உள்ள தோலைத் தந்தது. வெயில் பட்டால் அந்தத் தோல் சிவந்துவிடும் என்பதால் இறுதியில் அதைக் கடுக்காய்ச் சாற்றிலும் ஊறவைத்தனர்.

இத்தனை நெருக்கமாக இருந்த செடியை இன்று பலர் மஞ்சள் நிறத்தை மட்டும் வைத்தே அறிகின்றனர். அந்த அடையாளம் போதாது. ஆவாரையின் இனத்தைச் சேர்ந்த செடிகள் பலவும் மஞ்சளாகவே பூக்கின்றன. மெழுகுவத்தி போல் நிமிர்ந்த பூங்கொத்தும் சிறகுள்ள காயும் கொண்ட சீமையகத்தி அமெரிக்க மண்ணிலிருந்து வந்தது. மழைக்குப் பின் முளைக்கும் தகரைக்கு மூன்று இணைச் சிற்றிலைகளே உண்டு. பேயாவாரையின் இலை கசங்கினால் கெட்ட வாடை வீசும். ஆவாரையோ ஆளுயரமும் அதற்கு மேலும் வளரும் பல்லாண்டுப் புதர்ச்செடி. எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள், ஒவ்வோர் இணைக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் மெல்லிய சுரப்பி, தட்டையான தாள் போன்ற காய் ஆகியவை அதன் குறிகள். இவற்றினும் உறுதியானது, இலைக்காம்பின் அடியில் காது மடல் வடிவில் அகன்று, உதிராமல் தங்கும் இலையடிச் செதில். பூ இல்லாத காலத்திலும் செடியைக் காட்டிக்கொடுப்பது அதுவே. பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பைகள் நுனித் துளை வழியாகவே திறப்பதால், தச்சு வண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன.

வளர்ப்பதற்கு ஆவாரை அதிகம் கேட்பதில்லை என்றாலும், அதன் விதையுறை கடினமானது. பழுப்பேறிய காயிலிருந்து எடுத்த விதையைச் சுடுநீரில் ஊறவைத்தோ, மணலோடு தேய்த்தோ உறையைத் தளர்த்தி, மழைக்கு முன் நிலையான இடத்திலேயே விதைப்பது நல்லது. ஏனெனில் ஆழமாக இறங்கும் ஆணிவேர் இடமாற்றத்தைப் பொறுப்பதில்லை. சரளை மண்ணும் நல்ல வெயிலும் போதும். தேங்கும் நீர் ஆகாது. தண்டை வெட்டினாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்பு இருந்ததாலேயே பட்டைக்காகத் திரும்பத் திரும்ப அறுக்க முடிந்தது.

அந்த அறுவடை குறைந்ததற்குப் பல காரணங்கள் சேர்ந்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்னும் மரத்தின் பட்டை போட்டியாக வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் புகுத்த முயன்றார். 1970களில், ஆவாரைத் தோல் போன்ற அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோம் ஓரிரு நாளில் முடித்தது. அதன் விலையைத் தோல் கழிவால் மாசுபட்ட பாலாறு கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. ஆயினும் ஆவாரைக்குத் திரும்பினால் ஆறு தெளிந்துவிடும் என்று சொல்வது நேர்மையாகாது. பட்டைச் சாற்றின் கழிவும் நீரின் உயிர்வளியைத் தின்னும், பட்டைக்கான வெட்டும் காட்டை மெலியச் செய்யும்.

எனவே ஆவாரையை வளர்க்க வேண்டியது பட்டைக்காக மட்டும் அன்று. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் இடம்பெற்று, இன்றும் பொங்கல் காப்புக் கட்டில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேரும் இந்தச் செடி, வறண்ட மண்ணைப் பிடித்து நிறுத்தி வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உணவாகிறது. சாலையோரத்தைத் துப்புரவு செய்பவர்கள் அதைப் பெயர் தெரியாத புதராகக் கருதும்வரை அது வெட்டப்படும். ஆம்பூர், வேலூர்ப் பள்ளிப் பிள்ளைகள் இலையடிச் செதிலைப் பார்த்து ஆவாரையைப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டு, பள்ளி வேலியோரத்தில் அதன் விதையை ஊன்றினால், தங்கள் ஊரின் தொழில் எந்தக் காட்டிலிருந்து பிறந்தது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்வார்கள்.