முட்டு வைத்தால் பாதி ஓட்டை

புளியந்தோப்பில் நான் தொழில் பழகிய பட்டறைக்கு உண்மையான சீசன் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும். எஞ்சின் இறக்குவது, மாற்றுவது, எஞ்சின் உட்காரும் படுக்கையைச் சரிபார்ப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேறொரு லேலண்ட் எஞ்சினை உட்கார வைத்தால் போல்ட் இடம் பொருந்தாது. படுக்கை இரும்பில் புதிதாக ஓட்டை போட வேண்டும்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்திருந்தேன். அங்கே பழகியது டேபிள் மேல் வைஸில் பிடித்து, மேலிருந்து மெஷினை இறக்கிப் போடும் ஓட்டை. எஞ்சின் ரூமில் டேபிளும் கிடையாது, நிமிர இடமும் கிடையாது. தடித்த பிளேட்டில் 20 மில்லிமீட்டர் ஓட்டை. கரன்ட் ட்ரில்லும் பிட்டும் சேர்ந்த நீளத்துக்கு அந்தச் சந்தில் இடம் போதாது. காந்தத்தில் ஒட்டி நிற்கும் ட்ரில்லை உள்ளே இறக்கவே முடியாது. படகின் அடிப்பள்ளமான பில்ஜில் எண்ணெய் மிதக்கும் தண்ணீர் வேறு; அதில் படுத்துக்கொண்டு 230 வோல்ட் மெஷினைப் பிடிக்க மேஸ்திரி யாரையும் விட மாட்டார்.

அவர் எடுப்பது ராட்செட். பெரம்பூர் லோகோவில் நீராவி எஞ்சின் காலத்தில் அப்ரண்டிஸாக இருந்தவர். “பாய்லர் உள்ள குந்திகினு போட்டதுடா இது. போட்டு இன்னா பெருசு?” என்பார்.

ஆயுதம் எளிமையானது. கீழே பிட் செருகும் சாக்கெட். நடுவில் பல்சக்கரம், அதைக் கவ்வியபடி ஒரு நீளக் கைப்பிடி. மேலே ஃபீட் ஸ்க்ரூ, அதன் உச்சியில் கூர்முனை. கைப்பிடியை ஒரு பக்கம் இழுத்தால் பிட் சுழலும். திருப்பிக் கொண்டுவரும்போது கைப்பிடியில் உள்ள நாக்கு பல்லின் மேல் டிக்கென்று தாவிவிடும், பிட் அசையாது. எங்கள் ராட்செட்டில் 12 பல். அதாவது 30 டிகிரி ஆட்ட இடம் கிடைத்தால் போதும், முழுச் சுற்று சுற்ற வேண்டாம்.

அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் முறுக்கு பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரால் வழங்கும் சரிவுத் தண்டுதான் எங்கள் சாக்கெட்டிலும் உட்கார்கிறது. அதனால் மெஷின் பிட்டையே போடலாம். ஆனால் நீளம் உதைக்கும். மேஸ்திரி தேய்ந்த பிட்டுகளை வெட்டிக் கட்டையாக்கி வைத்திருப்பார். வெட்டிய பிட்டுக்கு நடுமுதுகு தடித்துவிடும். அதைச் சாணையில் மெலிதாக்காவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் இரும்பைக் கடிக்காது. சாணை பிடிக்க அவர் என்னை விட்டது ரொம்ப நாள் கழித்துத்தான்.

முதலில் கற்றுக்கொடுத்தது முட்டு. ஃபீட் ஸ்க்ரூவின் கூர்முனை எதையாவது எதிர்த்து நிற்க வேண்டும். எதிரில் ஃப்ரேம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தடித்த பட்டையை வளைத்துச் செய்த கொக்கியைப் பக்கத்து ஓட்டையில் போல்ட் போட்டு இறுக்கி, அதன் கையை பிட்டுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். முட்டு நூலளவு நெகிழ்ந்தாலும் ஓட்டை சாயும். பஞ்ச் குறியில் பிட்டை வைத்து, மூலைமட்டத்தை இரண்டு பக்கம் சாத்திப் பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியையே தொட விடுவார். “பிட்டை நீ தள்ளாத. முட்டு தள்ளும். நீ ஆட்டு, போதும்.”

நாலு ஆட்டு ஆட்டியதும் நிறுத்திக் குழியைப் பார்ப்போம். குறி வட்டத்தை விட்டுக் குழி விலகியிருந்தால், எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கச் சரிவில் வட்டமுனை உளியால் ஒரு சின்னக் கோடு வெட்டுவார். மறுபடி ஆட்டினால் பிட் அந்தக் கோட்டின் பக்கம் தானாக இழுத்துக்கொண்டு போகும். இதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் காட்டவில்லை.

அப்புறம் காது. ஸ்பானரால் ஃபீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே போக வேண்டும். இரும்பு நன்றாக வெட்டுப்பட்டால் இரண்டு பக்கமும் ஒரே தடிமனில் சுருள் வரும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் சாணை கோணல், ஓட்டை பெரிதாகும். மைல்ட் ஸ்டீலுக்கு எண்ணெய் விடலாம். வார்ப்பிரும்புக்கு விடக்கூடாது, கருந்தூளாக உதிர்வதைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். அடி பிய்யப்போகும் நேரம் கைப்பிடி திடீரென இலேசாகி ஒரு கரகரப்பு வரும். அந்த இடத்தில் ஃபீட்டைத் தளர்த்த வேண்டும். இறுக்கியபடியே ஆட்டினால் பிட் கடித்து நின்றுவிடும், கட்டை பிட்டாக இருந்தாலும் முனை போய்விடும்.

மரப்படகுக்கு ராட்செட் வேண்டாம். மூலைக்குள் கை சுழலாத இடத்துக்குக் கியர் வைத்த மூலை பிரேஸ் ஒன்று பட்டறையில் இருந்தது. அழகான சாமான்தான், ஆனால் இன்று பேட்டரி ஆங்கிள் ட்ரில் அந்த வேலையைச் சுகமாகச் செய்துவிடுகிறது. பழையது என்பதற்காக நான் அதைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். கைத்துப்பாக்கி வடிவ மின்ட்ரில்லுக்கு பிளாக் அண்ட் டெக்கர் 1917இலேயே காப்புரிமை வாங்கிவிட்டது. சின்ன ஓட்டைக்குக் கையை ஒடித்துக்கொள்ள யாருக்கும் அவசியமில்லை. தடித்த இரும்பு, பெரிய ஓட்டை, குறுகிய சந்து, இந்த மூன்றும் சேரும் இடத்தில் மட்டும் ராட்செட்டை அடிக்க இன்னும் ஒன்று வரவில்லை என்பது என் கணக்கு.

வடசென்னையில் பழைய இரும்புக் கடைகளில் இது இன்னும் அகப்படும், எடைக்குத்தான் கொடுப்பார்கள். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: நாக்கின் ஸ்பிரிங் துள்ளுகிறதா, ஃபீட் ஸ்க்ரூவின் மரை கடைசிவரை ஆட்டமில்லாமல் ஓடுகிறதா, சாக்கெட்டின் உட்சரிவில் கீறல் இருக்கிறதா. துருவுக்குப் பயப்பட வேண்டாம், டீசலில் ஊறப்போட்டால் இளகிவிடும். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது லோகோவிலோ மில்லிலோ ஃபிட்டராக இருந்து, பரணில் இப்படி ஒன்று கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். தடைக்காலத்தில் காசிமேட்டுப் பக்கம் வந்து விசாரியுங்கள், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.