பாதி மாறிய கல்

கல்லைப் படிக்க வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது அதன் பெயரை. பெயர் தெரிந்ததும் நோட்டில் குறித்து, ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். பெயர் இருக்கட்டும், இந்தப் பாறை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது, அந்த ஓரத்தைக் காட்டு என்பேன் நான். எங்கள் தொழிலில் அதைக் 'காண்டாக்ட்' என்போம். ஓரத்தைத் தேடும் இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது சி. எஸ். பிச்சமுத்துவைப் படித்த பிறகுதான்.

பெயர் தமிழ்ப் பெயர். உழைப்பில் பெரும்பகுதி பழைய மைசூர் ராஜ்யத்தின் பாறைகளுக்கு. பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் நிலவியல் பேராசிரியராக இருந்தார், மைசூர் நிலவியல் துறையின் இயக்குநராகவும் இருந்தார். 1930களிலேயே பாபாபுடன் மலையின் இரும்புப் பாறைகளைப் பற்றி எழுதியவர். 1967இல் நேஷனல் புக் டிரஸ்டுக்காக இந்தியாவின் மலை, ஆறு, சமவெளிகளைப் பற்றி ஆங்கிலத்தில் பொதுவாசகருக்கு ஒரு சின்னப் புத்தகமும் எழுதினார். நிபுணர்கள் பலர் இந்த மாதிரி வேலையைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள். அவர் நினைக்கவில்லை என்பதே எனக்கு அவர்மேல் பாதி மரியாதை.

அந்தத் தலைமுறையின் வேலைமுறையை இன்றைக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மழை ஓய்ந்ததும் கிளம்பினால் கோடை முற்றும்வரை கூடாரம்தான். சாமான் மாட்டுவண்டியில், ஆள் கால்நடையாக. பிள்ளைகளின் பரீட்சை, வீட்டில் காய்ச்சல், சொந்தத்தில் கல்யாணம் எல்லாம் கடிதத்தில் வந்து சேரும். ஊர் சுற்றிய நிலவியலாளர்களை நாம் கொண்டாடுகிறோம். அந்த ஆறு மாதம் வீட்டைச் சுமந்தவர்களைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரி கிடையாது. என் வீட்டில் நிலைமை கொஞ்சம் மேல். மனைவியும் கூடவே வருவாள், ஆனால் சாலை வெட்டிய பாறையைக் கண்டு நான் காரை ஓரங்கட்டினால், 'எத்தனை நிமிஷம்?' என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்வாள்.

பிச்சமுத்துவை விடாமல் பிடித்திருந்த கல் சார்னக்கைட். சென்னைக்காரர்களுக்கு அது பழக்கம்தான். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உடைபட்ட கருங்கல் அதுவே. நீலகிரியும் சேர்வராயன் மலையும் அதுவே. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக்குப் போட்ட கல்லும் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலந்து 1890களில் சார்னக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். பெயர் வைத்தது சுலபம், பிறப்பு தெரியவில்லை. பாறைக் குழம்பு ஆழத்தில் இறுகி உண்டானதா, ஏற்கனவே இருந்த பாறை வெப்பத்தில் உருமாறியதா என்று அறுபது ஆண்டுக்கும் மேல் சண்டை. பிச்சமுத்து 1953இல் இந்தச் சிக்கலைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். 1960இல் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார். இரண்டே பக்கத்துக்குள் அடங்கிய அந்தக் குறிப்பின் தலைப்பு, சார்னக்கைட் உருவாகிக்கொண்டிருக்கிறது என்கிற பொருளில் இருந்தது. உலகத்தையே எட்டிப் பார்க்கவைத்த அந்த இடம், பெங்களூரிலிருந்து கனகபுரா தாண்டி, சாத்தனூர் பக்கத்தில் கப்பால்துர்கா.

கப்பாளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு அந்த மலை பழைய கோட்டை, அவ்வளவுதான். நமக்கு வேண்டியது குவாரி. அங்கே அடிப்படைப் பாறை சாம்பல் நிற நைஸ். பெங்களூர் லால்பாக் குன்றில் பார்க்கிறோமே, அதே இனம். வெளிறியதும் கறுத்ததுமாக வரிவரியாக ஓடும். அந்த வரிகளுக்கு நடுவே, வெள்ளை வேட்டியில் எண்ணெய் சொட்டிய மாதிரி, பச்சை கலந்த கறுப்புத் திட்டுகள் இருக்கும். வெயிலில் சரியாகத் தெரியாது. பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈரம் பட்டதும் திட்டின் எல்லை எழுந்து வரும். ஒரு வரியின்மேல் விரல் வைத்துக்கொண்டே போங்கள். திட்டை நெருங்க நெருங்க வரி மங்கும், மணிகள் பருக்கும், உள்ளே போனால் வரியே இருக்காது. கனிமங்களும் மாறும்: வெளியே பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், உள்ளே ஹைப்பர்ஸ்தீன். புதிதாக ஒன்று வந்து செருகிக்கொண்டதென்றால் வரி வெட்டுப்பட்டல்லவா நிற்க வேண்டும்? இங்கே அது கரைகிறது. அதே கல்தான் இருந்த இடத்திலேயே வேறு கல்லாகியிருக்கிறது, அதுவும் பாதியில் நின்றுபோய். பிச்சமுத்து காட்டியது இதைத்தான். முழுசாக மாறிய பல்லாவரத்தில் எத்தனை காலம் உட்கார்ந்தாலும் இது தெரியாது.

எச்சரிக்கை ஒன்று. அந்த முகப்பில் சுத்தியல் வைக்காதீர்கள். மாதிரி வேண்டுமானால் கீழே கிடக்கும் சில்லுகளில் பொறுக்குங்கள். குவாரிதான் இதை நமக்குத் திறந்து காட்டியது, குவாரியே தின்றும் விடும். கல் வியாபாரத்தில் நைஸ், சார்னக்கைட் எல்லாம் ஒரே 'கிரானைட்'தான்.

பெங்களூரின் இன்னொரு பெரியவர் பி. பி. ராதாகிருஷ்ணா (1918–2012) பக்கத்திலேயே இன்னொரு ஓரத்தைப் பிடித்தார். ராமநகரத்து மலைகளின் குளோஸ்பேட் கிரானைட், வடக்கு தெற்காக ஏறத்தாழ 400 கி.மீ. ஓடும் பட்டை, அதுதான் அவர் ஆய்வு. கவிபுரத்தில் இருக்கும் இந்திய நிலவியல் சங்கம் 1958இல் உருவானதிலும், பின்னால் அதன் இதழைப் பல்லாண்டு தூக்கி நிறுத்தியதிலும் அவர் கை பெரியது. அந்தப் பட்டையின் தென்முனை கப்பால் பக்கம்தான் வந்து சேர்கிறது. நிலத்தின் மேலோடு இங்கே சாய்ந்து தேய்ந்திருப்பதால், தெற்கே போகப்போக ஆழத்துப் பாறை வெளியே வரும். கனகபுரா சாலையில் காரில் போகும்போது நாம் உண்மையில் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

கல் மாறியது சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன், ஏறத்தாழ 20 கி.மீ. ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில். பயோட்டைட்டில் பூட்டிக்கிடந்த நீர் வெளியேறினால்தான் ஹைப்பர்ஸ்தீன் பிறக்கும். நீரை விரட்டியது யார்? 1980களின் தொடக்கத்தில் மைசூர் பல்கலைக்கழகத்தின் ஜனார்தன், சிகாகோவின் நியூட்டன் முதலியோர், ஆழத்திலிருந்து வெடிப்புகள் வழியே ஏறிய கரியமில வாயுதான் என்றார்கள். பாறை கொஞ்சம் உருகி, அந்த உருகல் நீரை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் சாட்சி அதே கல்முகப்பு. திட்டுகள் பெரும்பாலும் வெடிப்பையும் நைஸ் வரியையும் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது என் ஓட்டு கரியமில வாயுவுக்குத்தான்.