பாரதத்துக்கு ஒரு பங்கு

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுள் கூரம் இரண்டு வகையில் புகழ்பெற்றது. இராமாநுசரின் முதன்மைச் சீடராகிய கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் காலத்தில் ‘வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம்’ என்ற பெயரில் கருங்கல்லால் எழுந்த சிவன் கோயில் உள்ள ஊரும் அதுவே. வைணவ யாத்திரிகர்கள் ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்புவார்கள். கல்வெட்டு ஆர்வலர்கள், பின்புறம் வளைந்த ‘தூங்கானை மாட’ அமைப்பிலான கருவறையின் எஞ்சிய பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இவ்வூரில் கிடைத்த பல்லவர் காலத்து நடராசர் திருமேனி சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இசையையும் கூத்தையும் தேடிப் பயணம் புறப்படுபவருக்குக் கூரத்தில் மூன்றாவதாக ஒரு செய்தியும் இருக்கிறது.

அச்செய்தி, வடமொழியும் தமிழும் கலந்து எழுதப்பட்டு, ஹூல்ஷ் என்னும் கல்வெட்டறிஞரால் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பிக்கப்பட்ட கூரம் செப்பேட்டில் உள்ளது. போரில் சாளுக்கிய விக்கிரமாதித்தனை வென்றதாகப் பரமேசுவரவர்மனைப் போற்றும் அச்சாசனம், பரமேசுவரமங்கலம் என்னும் ஊரைத் தானமாக அளித்து, அதனை 25 பங்குகளாகப் பிரிக்கிறது. மூன்று பங்குகள் கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும், ஒரு பங்கு மண்டபத்துக்கு நீரும் நெருப்பும் தருவதற்கும், ஒரு பங்கு அம்மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 20 பங்குகள் நான்மறை கற்ற அந்தணர்களுக்குச் சென்றன. பாலாற்றிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்னும் கால்வாயும் இதே சாசனத்தில் இடம்பெறுவதால், நீர், நிலம், கதை ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் வைத்து ஓர் ஊர் திட்டமிடப்பட்டதை இதில் காணலாம். கதை சொல்பவருக்கு அரசவையில் வழங்கிய பரிசாக இல்லாமல், தொடர்ந்து விளைச்சல் தரும் நிலத்தில் ஒரு பங்காகவே ஊதியம் அமைந்தது குறிப்பிடத்தக்கது.

செப்பேட்டுக் காலத்து வாசிப்புக்கும் இன்று இவ்வட்டாரத்தில் நடக்கும் பாரதக் கூத்துக்கும் இடையே நேர்கோடு போட்டுவிட இயலாது. முன்னது பல்லவன் நிறுவிய பிராமணர் குடியிருப்பின் மண்டபத்தில் நடந்தது. பின்னது உழவரும் உழைப்பாளரும் வாழும் தெருக்களின் நடுவே, திரௌபதி அம்மன் கோயில் திடலில் நடப்பது. எனினும், பாரதத்தைக் கேட்பதற்கு ஊரே பொதுவில் செலவு செய்யவேண்டும் என்னும் வழக்கம் இரண்டுக்கும் பொதுவானது. இவ்வழக்கத்தை இன்றைய சொல் ஒன்றோடு ஒப்பிடலாம். சினிமா நிறுவனத்தையோ பெரிய இசைத்தட்டு நிறுவனத்தையோ சாராமல் இயங்கும் பாடகரை இன்று ‘சுயாதீனக் கலைஞர்’ என்கிறார்கள். 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவினரையும் அச்சொல்லால் குறிப்பிடுவதுண்டு. கேட்பவரின் கையிலிருந்து பாடுபவரின் கைக்கு நேராகப் பணம் வந்துசேரும் ஏற்பாட்டைச் சுயாதீனம் என்று கொண்டால், தொண்டை மண்டலத்துக் கூத்துப்பாடகர் அப்பெயருக்கு நெடுங்காலமாகவே உரியவர் எனலாம்.

அத்தகைய ஒருவரைக் காண விரும்புவோர் கூரத்திலிருந்து காஞ்சிபுரம் திரும்பி, செவிலிமேட்டுப் பாலத்தில் பாலாற்றைக் கடந்து, வந்தவாசிச் சாலையில் ஐயங்கார்குளத்தை ஒட்டிய புஞ்சை அரசன்தாங்கலை அடையவேண்டும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆற்றைத் தாண்டியதும் நெல்வயல்களும் ஏரிக்கரைகளும் வரிசையாகத் தொடங்குகின்றன. அங்கே கட்டைக்கூத்துச் சங்கத்தின் வளாகம் உள்ளது. இக்கூத்தின் பெயரில் உள்ள ‘கட்டை’ என்பது வீரப் பாத்திரங்கள் அணியும், மரத்தால் செய்து கண்ணாடிச் சில்லும் பளபளக்கும் தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய அணிகளைக் குறிக்கும். செய்யாற்றுப் பக்கத்துப் பெருங்கட்டூரைச் சேர்ந்த கூத்துக்கலைஞர் பொன்னுசாமியின் மகனாக 1953இல் பிறந்து, பத்து வயதளவிலேயே வேடம் கட்டத் தொடங்கிய பெ. இராசகோபால், 1990இல் சக கலைஞர்களுடன் இச்சங்கத்தை உருவாக்கினார். இக்கலையை ஆராய்ந்த டச்சு அறிஞரும் அவருடைய துணைவியாருமான ஹன்னே டி புரூயின் இப்பணியில் உடனிருந்தார். 2002இல் தொடங்கி 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இக்கூத்தைப் பெண்பிள்ளைகளும் பள்ளிப் படிப்புடன் சேர்த்துக் கற்றார்கள்.

கூத்துப் பருவம் பெரும்பாலும் பங்குனியில் தொடங்கி ஆடி வரை நீடிக்கும். ஊர்ப் பெரியவர்கள் தாம்பூலம் கொடுத்து, முன்பணமும் நாளும் பேசிக் குழுவை ஒப்பந்தம் செய்கிறார்கள். அதற்கான தொகை வீட்டு வரியாகத் திரட்டப்படுகிறது. பாரத விழாவில் பகற்பொழுதில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார்; இரவில் அக்கதையே வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துயில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என நாளுக்கொன்றாக ஆடப்படும். பதினெட்டாம் போர் முடிந்த காலையில், களிமண்ணால் தரையில் கிடத்திய பிரமாண்டமான துரியோதனன் உருவத்தின்மேல், அவன் வீழ்வதை நடித்துக்காட்டும் படுகளம் நடக்கும். மாலையில் தீமிதியுடன் விழா நிறைவுறும்.

வெளியூர்ப் பார்வையாளர் முதலில் கவனிக்கவேண்டியது கர்ணன் போன்ற கட்டை வேடத்தின் நுழைவு. ஆடுகளத்தின் பின்புறம் போட்ட பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் ஆகியவற்றைக் கையாள்வோர் அமர்ந்திருக்கின்றனர். முகவீணை என்பது பெயரில் வீணையைக் கொண்டிருப்பினும் நாகசுரத்தைப் போன்று சீவாளி வைத்து ஊதும் சிறிய குழலாகும்; அதன் கூரிய ஒலி வயல் தாண்டி அடுத்த ஊருக்கும் எட்டும். இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்க, அதற்கு மேலே கிரீடத்தின் முனை மட்டும் தெரிய, நடிகர் மறைவில் இருந்தபடியே தாளக்கட்டு இல்லாத விருத்தத்தை உச்சத் தாயியில் எடுக்கிறார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் அவர் நிறுத்தும் இடத்தை முகவீணைக்காரர் எட்டிப் பிடித்து, அதே சங்கதியைச் சற்று நீட்டித் திருப்பித் தருகிறார். பாடியவர் அந்த இடைவெளியில் மூச்சை நிரப்பிக்கொள்கிறார். மேளம் சேர்ந்ததும் திரை விலக, தாளத்துக்கு அமைந்த ‘தரு’ என்னும் பாடல் தொடங்குகிறது. பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாட, கனத்த மரக்கட்டைகளைச் சுமந்தபடியே நடிகர் களத்தைச் சுழன்று வருகிறார். பின்னர் கட்டியக்காரன், அதாவது கதையை நடத்திச்செல்பவனும் கோமாளியுமாகிய பாத்திரம், வந்தவர் யார் என்று கேட்டுக் கிண்டலைத் தொடங்கும்போதுதான் கூட்டம் சற்றுத் தளர்ந்து சிரிக்கிறது.

சபா இசையில் பழகிய காதுக்கு இக்குரல் முதலில் கரடுமுரடாகப் படலாம். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய திடல்களில் கடைசி வரிசைக்கும் சொல் கேட்கவேண்டும் என்பதற்காக உருவான குரல் இது. சொல்லைச் சுருதியோடு சேர்த்து எறியும் முறையே இதன் அழகு. போருக்குப் புறப்படும் கர்ணனும் அவன் பிறப்பை இகழ்ந்துவந்த மனைவி பொன்னுருவியும் விடைபெறும் காட்சியில், இரவு பத்து மணிமுதல் பாடி நைந்த குரலின் விரிசலே சோகத்தைக் கூட்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடும் பார்வையாளருக்கு அது கிடைப்பதில்லை. பாய் விரித்து விடியும்வரை உட்காரும் ஊர்ப்பெண்களுக்குக் கிடைக்கிறது. பாட்டு பிடித்துப்போனவர் எழுந்து சென்று நடிகரின் ஆடையில் ரூபாய் நோட்டைக் குத்துவதும், கொடுத்தவரின் பெயரைக் கட்டியக்காரன் ஆட்டத்தின் நடுவிலேயே அறிவிப்பதும் இங்கே ரசிகரின் பாராட்டு முறைகளாகும்.

இக்கலையின் இசைவலிமை நகர மேடையையும் எட்டியுள்ளது. 2017, 2018 காலத்தில் இராசகோபாலின் இயக்கத்தில், பாடகர்கள் டி. எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் கூத்துக்கலைஞர்களுடன் இணைந்து ‘கர்னாடிக் கட்டைக்கூத்து’ என்னும் நிகழ்ச்சியை வழங்கினார்கள். சாதியாலும் வாய்ப்பாலும் பிரித்து வைக்கப்பட்ட இரு மரபுகள் ஒரே மேடையில் பாரதத்தைப் பகிர்ந்துகொண்டது வரவேற்கத்தக்கது. ஆயினும், இருக்கைக்கு எண் போட்ட அரங்கில் சில மணி நேரத்தில் முடியும் நிகழ்ச்சி, எட்டு மணி நேரக் கூத்தின் சுவையை அறிமுகப்படுத்த வல்லதே தவிர, அதன் இடத்தை நிரப்ப வல்லதன்று.

ஆகவே, தனித்து இயங்கும் கலைஞரைப் போற்றுதல் என்பது அவர் பெயரைப் புகழ்ந்து எழுதுவதோடு முடிவதில்லை. கொரோனா நோய்த்தொற்றுக் காலத்தில் விழாக்கள் நின்றபோது கூத்துக்குழுக்களின் வருமானமும் அடியோடு நின்றது. ஊரின் கூட்டுச் செலவே கலைஞரின் சுதந்திரத்துக்கு அடித்தளம் என்பது அப்போது வெளிப்படையாயிற்று. இவ்வட்டாரத்துக்குப் பங்குனிக்குப் பின் பயணம் திட்டமிடுவோர், பகலில் கோயில்களையும் இரவில் கூத்தையும் சேர்த்தே கணக்கிடுவதும், மங்களம் பாடும்வரை அமர்ந்திருப்பதும், கட்டியக்காரன் அறிவிக்கும் பெயர்களுள் தம் பெயரும் இடம்பெறச் செய்வதும் அக்கூட்டுச் செலவில் பங்கேற்கும் வழிகளாகும்.