கருவிகளுக்கு ஒரு பெட்டி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினரெல்லாம் விடைபெற்றுச் சென்றபின், பரணிலிருந்து ஒரு சாக்குமூட்டையை இறக்கினோம். உள்ளே அவருடைய உளிகள், இரண்டு இழைப்புளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், பிடி கழன்ற ரம்பம். அத்தனையிலும் துரு. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஈரப் பொம்மைகளை அடுக்கிக் காயவைக்கும் பலகைகளையும், சரக்கை வைக்கோல் பொதிந்து வெளியூருக்கு அனுப்பும் மரப்பெட்டிகளையும் செய்து கொடுத்தே எங்களை வளர்த்தவர் அவர். ஊர்ச் சரக்குக்கெல்லாம் பெட்டி செய்தவர், தம் கருவிகளுக்கென்று ஒன்று செய்துகொள்ளவில்லை.

எங்களில் மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்; இளையவர் கணக்கெழுதுபவர். சிறுவயதில் இருவருமே உளியைத் தொட அனுமதிக்கப்பட்டதில்லை. தொட்டால் அடி விழும். படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு என்பது அவர் கட்சி. புறநானூற்றின் 206ஆம் பாடலில் ஔவையார், தச்சனின் தொழில் தேர்ந்த பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் மரத்துக்கா பஞ்சம் என்ற பொருள்பட ஓர் உவமை சொல்கிறார். பரிசில் நீட்டித்த மன்னனிடம் புலவரின் தன்மானம் பேசும் இடம் அது. ஆண்டுதோறும் வகுப்பில் அதை நடத்திவிட்டு வீடு திரும்பும் ஒரு தச்சன் மகனுக்கு ஆணியடிக்கவும் தெரியாது என்பதை மாணவர்களிடம் சொன்னதில்லை.

பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. தம்பி ஓர் உளியைக் கையில் எடுத்தான். பிடியில் அப்பாவின் கட்டைவிரல் பதிந்த இடம் வழவழவென்று குழிந்திருந்தது. அதன்பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

பெட்டி செய்வதென்று முடிவாயிற்று. சுவீடனின் காட்லாந்து தீவில் 1936இல் ஓர் உழவரின் கலப்பையில் சிக்கிய ஓக் மரப்பெட்டியைப் பற்றிப் படித்திருந்தோம். வைக்கிங் காலத்துக் கைவினைஞர் ஒருவருடையது. 200க்கு மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அவர் பெயர் எவருக்கும் தெரியாது, ரம்பமும் அரமும் மிஞ்சியிருக்கின்றன. அதைப் படித்த மிதப்பில், பழைய வேப்பமரக் கதவு ஒன்றை அறுத்து, ஐப்பசி விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். மூன்று ஞாயிறுகள் துருவை உரசுவதிலேயே போயின. மூலைகள் சதுரமாக அமையவில்லை. இடைவெளிகளை மரத்தூளும் பசையும் கொண்டு அடைத்தோம். அடிப்பலகை மட்டும் அசையவே கூடாதென்று நான்கு பக்கமும் பசையிட்டு ஆணியும் அறைந்தோம். பெருமையாகத்தான் இருந்தது.

சித்திரையில் ஒரு பிற்பகல், கூடத்தில் பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். அடிப்பலகை நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

பீங்கான் பட்டறையில் அச்சு வேலை பார்க்கும் நண்பர் வந்து பார்த்துச் சிரித்தார். "காயறப்பவும் சூளையிலயும் மண்ணு சுருங்கும்னு அச்சையே பெரிசா செய்யறோம். மரத்துக்கு நீங்க இடம் விடலியே சார்" என்றார். மண் சூளையில் வெந்தபின் அடங்கிவிடும். மரம் அடங்குவதில்லை. வெட்டி எத்தனை ஆண்டானாலும் மழையில் ஈரத்தை வாங்கி அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் மட்டும் ஏறக்குறைய அசையாது. நாங்கள் அறைந்த ஆணிகள் அதைச் சுருங்க விடவில்லை, ஆகவே பிளந்தது. அப்படியானால் எப்படித்தான் பொருத்துவது?

விடை வாசலிலேயே இருந்தது. அப்பா செய்த தெருக்கதவின் நடுப்பலகைகள் கோடைக்காற்றில் கடகடவென ஆடும். கார்த்திகையில் சத்தம் இராது. பிள்ளைப் பருவத்திலிருந்து கேட்டுவரும் ஓசை. அவசரத்தில் செய்தது, கூலியில்லாத சொந்த வீட்டு வேலைதானே என்று நினைத்திருந்தோம். விருந்தினர் முன் வெட்கப்பட்டதும் உண்டு. இப்போது விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தால், பலகைகள் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் பசையோ ஆணியோ இல்லாமல் நின்றிருந்தன. விரிய இடம், சுருங்க இடம். நாற்பது வயதைக் கடந்தபின் அவரிடம் நாங்கள் கற்ற முதல் பாடம் அது. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பெட்டியைப் பிரித்து மறுபடி செய்தோம். காடியை அப்பாவின் ஒடுங்கிய உளியாலேயே வெட்டினோம். இரண்டிடத்தில் பிசிறு தட்டிவிட்டது. கருவிகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் தடவி, உளிகளை அகல வரிசையில் அடுக்கினோம். தூக்கும்போது அடிப்பலகை லேசாக ஆடியது.

அம்மா வந்து அழுத்திப் பார்த்தாள். "ஆடுதேடா, ஒரு ஆணி வச்சி அடிக்கக் கூடாதா?"

தெருக்கதவைப் பற்றி அப்பாவிடமும் இப்படிக் கேட்டதுண்டா என்றோம்.

"கேக்காம என்ன, எத்தனையோ தடவ. போடி, உனக்கு வேற வேல இல்லன்னுவாரு."