கொடிக் கயிறு அல்ல!

சகோதரிகளே, மாடி அறைக்கு இன்டர்நெட் எட்டவில்லையா? "வெளியே ஓர் ஈதர்நெட் ஒயர் இழுத்துவிட்டால் ஆயிற்று!" என்பார் உங்கள் வீட்டுக்காரர். இழுக்கட்டும், ஆனால் துணி உலர்த்தும் கொடியைப் போல் இழுக்க வேண்டாம்!

எங்கள் மொட்டை மாடி அறையில் தம்பி படிக்கிறான். கீழிருந்து அவனுக்கு ஒயர் போனபோது நான் மூன்று நிபந்தனைகள் போட்டேன். ஒன்று, வெயிலைத் தாங்கவென்றே செய்த கறுப்பு உறை ஒயர் வேண்டும். வீட்டுக்குள் போடும் சாதாரண ஒயரின் உறை வெயிலில் நாளடைவில் வெடித்துவிடும். இரண்டு, ஒயர் சற்றுக் கீழே தொய்ந்து, பிறகு மேலேறிச் சுவருக்குள் நுழைய வேண்டும். வழிந்து வரும் மழைநீர் தொய்விலேயே சொட்டிவிடும். மூன்று, மின்சார ஒயர் போகும் குழாயில் இதற்கு இடமில்லை.

அடுத்த கட்டடத்துக்கு என்றால் செம்புக் கம்பியே வேண்டாம். பக்கத்தில் இடி விழுந்தாலே போதும், மின்வேகம் அதன் வழியே பாயக்கூடும். உலோகம் கலவாத கண்ணாடி இழையில் அந்தப் பயமில்லை.

ஐப்பசியில் வானம் கறுத்ததும் துணி எடுக்க ஓடுகிறோமே, அப்போதே, இடி தொடங்குமுன், அந்த ஒயரையும் கழற்றி வையுங்கள். நனைந்த துணி நாளைக்கு உலரும். ஒயரின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளையல்லவா?