ரயிலைப் பிடிக்க ஓடியவள்

15 பிப்ரவரி 2024, வியாழன்

கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் இன்றிரவு பெண்களின் என்.சி.ஏ.ஏ. புள்ளிச் சாதனையை முறியடித்துவிட்டாள். மிச்சிகனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 49 புள்ளிகள். மகள் போட்ட கூச்சலில் அம்மா ரசக் கரண்டியோடு ஹாலுக்கு வந்து நின்றாள்.

"ஏட்டி, இம்புட்டு சனமும் பொம்பளப் பிள்ளைய விளையாடுறதப் பாக்கவா வந்திருக்கு?"

"ஆமா ஆச்சி. டிக்கெட்டே கெடைக்கல."

அம்மா பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பார்த்தது பந்தையில்லை, கூட்டத்தை. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது.

மார்ச் மாதப் பெண்கள் வரலாற்றுக் கண்காட்சிக்கு நூலகத்தில் எனக்கு ஒதுக்கிய தலைப்பு "அந்தக் காலப் பள்ளிக்கூடப் பெண்களின் விளையாட்டு". ஒரு கண்ணாடிப் பெட்டி, மூன்று அட்டை. லேசான வேலை என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

17 பிப்ரவரி, சனி

இந்த வட்டாரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆண்டு மலர்களை மேசையில் பரப்பிப் போட்டார்கள். 1906 மலரில் கூடைப்பந்து அணி. ஏழு பெண்கள். முழங்காலுக்குக் கீழே சுருக்கிக் கட்டிய தொளதொளப்பான ப்ளூமர், மாலுமிக் காலர் வைத்த சட்டை, கறுப்புக் காலுறை, தலையில் கையகல ரிப்பன். நடுவில் இருப்பவளின் மடியில் பந்து. அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் '06'. ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. ஆனால் எல்லோரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள்.

1908 மலரில் அந்தப் பக்கம் இல்லை. யாரோ கிழித்திருப்பார்கள் என்று பக்க எண்களை எண்ணிப் பார்த்தேன். வரிசை சரியாகத்தான் இருந்தது.

காரணம் வேறு புத்தகத்தில் கிடைத்தது. 1907-இல் இல்லினாய் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம், பெண்கள் அணிகள் ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்குமாகக் கூடைப்பந்து ஆடுவதைத் தடைசெய்தது. இந்த மாநிலத்தில் பெண்களுக்கு மாநிலக் கூடைப்பந்துப் போட்டி வந்தது 1977-இல். எழுபது வருஷம்! மடியில் பந்து வைத்திருந்தவளின் பேத்திக்குக்கூட அது கிடைத்திருக்காது.

18 பிப்ரவரி, ஞாயிறு

தடை போட்டவர்களை வில்லன்களாக எழுதிவிட்டால் அட்டை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் படிக்கப் படிக்க அவர்கள் அவ்வளவு லேசாகப் பிடிபடுகிற ஆட்களாக இல்லை.

டாக்டர்களின் பங்கைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஹார்வர்டில் மருத்துவப் பேராசிரியராக இருந்த எட்வர்டு கிளார்க் 1873-லேயே புத்தகம் போட்டு, பருவ வயதில் பெண்ணை ஆணுக்கு நிகராகப் படிக்க வைத்தால் கருப்பை கெடும் என்றார். படிப்புக்கே அப்படியென்றால் ஓட்டத்துக்குச் சொல்ல வேண்டுமா? 1912-இல் ஹார்வர்டின் டட்லி சார்ஜென்ட், விளையாட்டு பெண்களை ஆண்பிள்ளைத்தனமாக்குகிறதா என்று பெண்கள் பத்திரிகை ஒன்றில் கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார்.

ஆனால் செண்டா பெரன்சனை என்ன செய்வது? லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பெண். நோஞ்சான் உடம்பு, தேறட்டும் என்று உடற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, பிறகு ஸ்மித் கல்லூரியில் ஆசிரியையாகவே ஆனவர். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக் கூடையைப் பால்கனிக் கைப்பிடியில் மாட்டியது 1891 டிசம்பரில். இரண்டு வருஷம் ஆவதற்குள் பெரன்சன் தன் மாணவிகளை ஆடவைத்துவிட்டார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம். ஆனால் கூடவே விதிகளையும் மாற்றினார். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது. எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. மூன்று முறைக்கு மேல் தட்டக் கூடாது. பாண்டிக் கட்டத்தில் ஒரு கட்டத்துக்குள்ளேயே நின்று ஆடச் சொன்ன மாதிரி.

வேடிக்கை பார்க்க ஆண்களுக்கு அனுமதியில்லை. 1896-இல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சான் பிரான்சிஸ்கோவில் மோதியபோதும் அரங்கில் பெண்கள் மட்டும்தான். ஸ்டான்ஃபோர்டு 2-க்கு 1 என்று ஜெயித்தது.

என் புத்திக்கு எட்டுவது இதுதான்: பெண்கள் ஆடுவதைவிட, ஆடுகிற பெண்களைப் பிறர் பார்ப்பதுதான் இவர்களை உறுத்தியிருக்கிறது. மருத்துவமெல்லாம் அதற்குப் பூசிய வெள்ளை.

20 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் ரயிலுக்கு ஓடினேன். கதவு மூடும்போது கை நீட்டி உள்ளே விழுந்தேன். எதிர் சீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

இதே ரயில் பாதையிலுள்ள ஹார்வி ஊரில், தார்ன்டன் டவுன்ஷிப் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி 1928-இல் இப்படித்தான் ரயிலுக்கு ஓடினாள். பெயர் பெட்டி ராபின்சன், ஊர் ரிவர்டேல். இரண்டும் நான் தினமும் கடக்கும் ஸ்டேஷன்கள். அவளுடைய உயிரியல் ஆசிரியர் சார்ல்ஸ் பிரைஸ் ரயிலுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்கு ரயில் கிடைக்காது என்றே முடிவு கட்டியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

பிறகு பள்ளிக்கூட வராந்தாவில் ஐம்பது கெஜம் ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பெண்களுக்கு ஓட்ட அணி இல்லாததால் பையன்களோடு பயிற்சி. மார்ச் மாதம் முதல் போட்டி. ஜூலை 31-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக் 100 மீட்டர் தங்கம், 12.2 வினாடி. பெண்களுக்கு அந்தப் போட்டி நடந்ததே அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது வாழ்க்கையிலேயே நாலாவது போட்டி. வயது 16.

அம்மாவிடம் சொன்னேன். "வராந்தாவுலயா ஓடுனா? சுவத்துல முட்டிக்கிட மாட்டாளா?" என்றாள். அதைப் பற்றி எந்தப் புத்தகமும் எழுதவில்லை.

22 பிப்ரவரி, வியாழன்

மகளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். வீடு முழுக்க எண்ணெய் மணம். மகள் அதே காலோடு பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று குளித்துவிட்டுத்தான் போனாள்.

24 பிப்ரவரி, சனி

இன்று படித்ததை எழுதாமல் தூக்கம் வராது.

1923-இல் லூ ஹென்றி ஹூவர் (பின்னால் ஜனாதிபதியின் மனைவி ஆனவர்) தலைமையில் பெண் கல்வியாளர்கள் கூடினார்கள். கெட்டிக்காரர்கள், நல்லெண்ணம் கொண்டவர்கள். அவர்கள் வேண்டியது: நாலு சூரப்புலிகள் மட்டும் ஆடி மற்றவர்கள் கைதட்டுவது கூடாது, எல்லாப் பெண்களும் ஆட வேண்டும், டிக்கெட் போட்டுப் பெண்களைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது. இதில் ஒரு வரியைக்கூட என்னால் தப்பென்று சொல்ல முடியவில்லை.

நடந்தது என்னவோ "பிளே டே". மூன்று நான்கு பள்ளிகளின் பெண்களை ஒரு சனிக்கிழமை கூட்டி, ஒரு பள்ளிக்காரர்கள் ஒரே அணியில் சேராதபடி கலைத்துப் போட்டு, சிவப்பு நாடா அணி, நீல நாடா அணி என்று பிரிப்பார்கள். தன் பள்ளிக்காக யாரும் ஜெயிக்க முடியாது, தோற்கவும் முடியாது. முடிந்ததும் பானமும் பிஸ்கட்டும். சீமந்தத்துக்குப் போய் வந்த மாதிரி இருந்திருக்கும்.

அதைவிட விசித்திரம் தந்திப் போட்டி. அவரவர் பள்ளியிலேயே அம்பு விட்டு, கூடையில் பந்து போட்டு, எண்ணிக்கையைத் தபாலிலோ தந்தியிலோ அனுப்ப வேண்டும். ஜெயித்த சேதி பிறகு வந்து சேரும். எதிரில் ஆளே இல்லாத போட்டி! சொல்ல வெட்கமாக இருக்கிறது, படித்ததும் நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பெட்டி ஜெயித்த அதே 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டரும் முதல் முறையாக நடந்தது. இறுதி ஓட்டத்தில் ஒன்பது பேர் ஓடி, ஒன்பது பேரும் முடித்தார்கள். முதல் மூவரும் பழைய உலகச் சாதனையைத் தாண்டியிருந்தார்கள். ஆனால் பத்திரிகைகள் பெண்கள் கொத்துக்கொத்தாக மயங்கி விழுந்ததாக எழுதின. 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்த ஓட்டம் இல்லை. ஓட்டம் முடிந்து புல்லில் சாய்ந்தவன் ஆணாக இருந்தால் அதன் பெயர் களைப்பு.

27 பிப்ரவரி, செவ்வாய்

மிஸிசிப்பி ஆற்றைத் தாண்டினால் ஐயோவா. அங்கே 1920-லேயே உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு மாநிலக் கூடைப்பந்துப் போட்டி தொடங்கிவிட்டது. முதல் பட்டம் கரெக்ஷன்வில் என்ற சின்ன ஊருக்கு. 1925-இல் அங்கேயும் பெரிய சங்கம் பெண்களைக் கைகழுவப் பார்த்தது. சிற்றூர்ப் பள்ளித் தலைமைகள் கோபித்துக்கொண்டு வெளியேறி, பெண்களுக்கென்றே தனிச் சங்கம் அமைத்தார்கள். அவர்களைப் பெண்ணுரிமைப் போராளிகள் என்றால் அவர்களே திகைத்திருப்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஆட, ஊர் பார்க்க, குளிர்காலம் கழிய வேண்டும், அவ்வளவுதான். படித்த பட்டணத்துக்காரர்கள் மூடியதைச் சோளக்கொல்லைக்காரர்கள் திறந்தே வைத்திருந்தார்கள். கெய்ட்லின் கிளார்க் அந்த மண்ணில் வளர்ந்தவள்.

அட்டையில் பெட்டியின் மீதிக் கதைக்கு இடமில்லை. இங்கேயாவது இருக்கட்டும். 1931-இல் விமான விபத்து. செத்துவிட்டாள் என்று நினைத்துப் பிணக்கிடங்குக்காரரிடமே கொண்டுபோனார்கள் என்பார்கள். பிழைத்தாள். முழங்கால் மடங்காது; குனிந்து புறப்பட முடியாது. நின்றபடி கோலை வாங்கி ஓடலாம் அல்லவா? 1936, பெர்லின், தொடரோட்டம். இன்னொரு தங்கம்.

3 மார்ச், ஞாயிறு

கெய்ட்லின் கிளார்க் இன்று ஆண்களின் கல்லூரிச் சாதனையையும் தாண்டிவிட்டாள். 3,667 புள்ளிகள் இனி பழைய கணக்கு.

மகள் நேற்று உள்ளரங்கப் போட்டியில் 200 மீட்டரில் ஐந்தாவது. அதனால் உம்மென்று இருந்தாள். அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள், எப்போதும் போலத் தன் எவர்சில்வர் தம்ளரில். இங்கே வரும்போதும் புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்த தம்ளர். விளிம்புக்குக் கீழே பேர் வெட்டியிருக்கும்: அம்மா பெயர், 100 மீ. ஓட்டம், 2-ம் பரிசு, 1965.

மகள் அதை இன்றுதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஆச்சி! செகண்டா? எத்தன பேர் ஓடுனீங்க?"

"ரெண்டு பேரு."

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவும் சிரித்தாள்.

"பேரு கொடுத்தது எட்டுப் பேரு. அன்னைக்கு எம்.எல்.ஏ. வாராருன்னு ஊரே தெரண்டு வந்துட்டு. அம்புட்டு ஆம்பளைகளப் பாத்ததும் ஆறு பேரு வகுப்புக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாளுவ."

"நீங்க மட்டும் பயப்படலியா ஆச்சி?"

"நானும்தான் ஓடுனேன் உள்ள போவ. தட்டுனேன், தட்டுனேன், தெறக்கல்லியே பாவி மக்க."