கொடைப் புத்தகங்களும் ஆங்கில வகுப்பறையும்

இலங்கையிலே ஆங்கிலம் ஏனைய பாடங்களைப் போன்றதொரு பாடமன்று. 1945 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனைத் தொடர்ந்து படிப்படியாகப் போதனாமொழியான தாய்மொழியும் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியின் வாயிலைத் திறந்துவிட்டன. ஆயினும், அவ்வாயிலுக்கு அப்பால் ஆங்கிலம் என்ற இன்னொரு வாயில் பூட்டியே கிடந்தது. அதன் திறவுகோல், வீட்டிலே ஆங்கில நூல்களை வைத்திருந்தோரிடமே இருந்தது. பல்கலைக்கழகங்களிற் பயிலும் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், எனக் குறிப்பிடுவதை நாம் அறிவோம். அம்மொழி தெரியாதவனை வெட்டி வீழ்த்தும் கருவியாக அது பயன்பட்டுவந்த வரலாற்றை அவ்வொரு சொல்லே உணர்த்திவிடும்.

1980 ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கிவருகின்றது. இது போற்றுதற்குரியதே. எனினும், பாடநூல் ஒன்றினால் மாத்திரம் மொழி வந்துவிடுவதில்லை. தமிழ்ப் பிள்ளையொன்று தமிழைப் பாடநூலில் மட்டுமா கற்கின்றது? வானொலியிலும், கோயிலிலும், சந்தையிலும், சுவரில் தொங்கும் நாட்காட்டியிலும் அது தமிழைக் காண்கின்றது, கேட்கின்றது. எமது கிராமத்திலோ, ஆங்கிலம் ஒரு பாடவேளையின் மணியோசையுடன் தொடங்கி அடுத்த மணியோசையுடன் முடிந்துவிடும். இந்த வெற்றிடத்தை நிரப்புதற்குக் கொடைப் புத்தகங்கள் எவ்வளவுக்கு உதவும், எவ்விடத்தில் உதவாது போகும் என்பதை எனது அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் பயின்றது, மீள்குடியேற்றத்தின் பின்னர் வன்னியிலே மீண்டும் திறக்கப்பட்ட சிறியதொரு பாடசாலையில். 2013 ஆம் ஆண்டு நான் ஆறாந் தரத்தில் இருந்தபொழுது, வெளிநாடுகளில் வாழும் எம்மவர் சிலர் சேகரித்தனுப்பிய புத்தகப் பெட்டிகள் வந்துசேர்ந்தன. வரவேற்பு, மாலை, புகைப்படம் யாவும் முறைப்படி நிகழ்ந்தன. மறுநாள் எமது ஆங்கில ஆசிரியை அப்பெட்டிகளைத் திறந்தார். கணக்கியல் நூல்கள், பழைய கணினி வழிகாட்டிகள், எங்கோ ஓர் ஊரின் வரிச்சட்ட விளக்கங்கள், தொகுதி குறைந்த கலைக்களஞ்சியங்கள் ஆகியனவே பெரும்பாலும் உள்ளே இருந்தன. எம்மால் வாசிக்கத்தக்க சிறுவர் கதைநூல்கள் முப்பதளவில்தான் தேறின.

ஆசிரியை குறைகூறிக்கொண்டு நிற்கவில்லை. நூல்களை மூன்றாகப் பிரித்தார்: பிள்ளைகளுக்கு உரியவை, தமது ஆயத்தத்திற்கு உரியவை, வெட்டிப் பயன்படுத்தத்தக்கவை. கலைக்களஞ்சியத்தின் வண்ணப் படங்கள் சொல்லட்டைகளாயின. பெட்டி மட்டைகள் கீலங்களாக வெட்டப்பட்டு, வாக்கியங்களைக் கோத்துக் காட்டும் பலகைகளாயின. ஒரு பொருள் கொடையாக வருவதும், அது வகுப்பறைக் கருவியாக மாறுவதும் இருவேறு நிகழ்ச்சிகள் என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன். முன்னையது கொடுப்பவரால் நிகழ்வது. பின்னையது ஆசிரியரின் உழைப்பினால் மாத்திரமே நிகழ்வது.

கதைநூல்களிலும் ஒரு சங்கடம் இருந்தது. பனி பொழியும் முற்றம், புகைபோக்கி வைத்த வீடு, ஆப்பிள் மரம் என்பனவே அவற்றின் உலகம். சொல்லின் பொருளை அறிவதற்கு முன்னர் அப்பொருளையே நாம் கற்பனை செய்யவேண்டியிருந்தது. இதனையுணர்ந்த ஆசிரியை, பெட்டியில் வந்த வெற்றுக் கொப்பிகளில் எம்மையே கதை எழுதச் செய்தார். குளம், பனங்காய், மாட்டுப்பட்டி, தறப்பாள் கூரை ஆகியன எளிய ஆங்கிலத்திலே கதைகளாயின. அந்நியக் கதைநூல் வாக்கியத்தின் அமைப்பைத் தந்தது. எமது வாழ்க்கை அதற்குப் பொருளைத் தந்தது. அவ்வாண்டு முடிவில் மிகுதியாகக் கைமாறி அழுக்கேறிய நூல்கள் நாம் எழுதிய அக்கொப்பிகளே.

இன்னொரு தடையும் இருந்தது. அன்பளிப்புப் பொருள்கள் யாவும் பாடசாலைப் பொருட்பதிவேட்டில் ஏறிவிட்டால், அவை தொலைந்தாற் பதில் கூறவேண்டியவர் அதிபர். ஆகவே புத்தகங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதே பல பாடசாலைகளிற் பாதுகாப்பான வழியாகக் கருதப்படுகின்றது. எமது ஆசிரியையோ, இழப்பு நேர்ந்தால் தாமே பொறுப்பு என எழுதிக் கொடுத்துத் திறப்பை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுசெல்ல முதன்முதலில் நூல் பெற்ற சிறுமி தயங்கி நின்று, “கிழிஞ்சால் ஏசுவியளோ, ரீச்சர்?” என்று கேட்டாள். “கிழிஞ்சால் ஒட்டலாம். வாசியாமல் மட்டும் கொண்டு வராதை” என்றார் அவர். ஒரு பிள்ளையை நம்பி ஒரு நூலை அதன் கையிற் கொடுப்பது, அந்நூலினும் பெரிய கொடை என்றே நான் கருதுகின்றேன்.

நூல்களைப் பற்றிப் பேசும்போது கொப்பி, பென்சில், வெண்கட்டி போன்ற சிறு பொருள்களை மறந்துவிடலாகாது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, தாள் தட்டுப்பாடு காரணமாக மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. தலைநகர் அமைந்த மாகாணத்தின் நிலையே அதுவாயின், பின்தங்கிய கிராமங்களைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. எழுதுவதற்குக் கொப்பியில்லாத பிள்ளை முதலில் வகுப்பின் கடைசி வாங்கிற்குச் செல்கின்றது. பின்னர் வகுப்பிற்கே வராது நின்றுவிடுகின்றது. ஒரு பென்சில் ஆங்கிலத்தைக் கற்பிக்காது. ஆனால், கற்பிக்கப்படும் இடத்திலே அப்பிள்ளையை இருத்தி வைக்கும்.

கொடுப்போர் கவனிக்கத்தக்க முன்னுதாரணம் ஒன்றுண்டு. 1954 இல் ரான்ஃபேர்லி சீமாட்டி பஹாமாஸிலே தொடங்கிய நூற்கொடைச் சேவை, 1994 இல் ‘புக் எயிட் இன்ரர்நஷனல்’ எனப் பெயர் பெற்றது. பிறர் படித்து முடித்த நூல்களைத் திரட்டி அனுப்புவதில் தொடங்கிய அவ்வமைப்பு, இன்று பதிப்பாளர் வழங்கும் புத்தம்புதிய நூல்களையே அனுப்புகின்றது. தமக்கு வேண்டாததைக் கொடுப்பதற்கும், பெறுபவருக்கு வேண்டியதைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இம்மாற்றம் உணர்த்துகின்றது.

எமது மண்ணிலும் இம்மரபு புதியதன்று. யாழ்ப்பாணப் பொதுசன நூலகம், 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தமது இல்லத்திலே தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சியிலிருந்து வளர்ந்ததாகும். 1981 ஆம் ஆண்டிலே அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பின்னர் பல திசைகளிலிருந்தும் வந்த நூல்களைக் கொண்டு அது மீண்டும் நிரம்பியது. புத்தகம் கொடுப்பதன் அருமையை, புத்தகங்களை இழந்த சமூகம் அறியாதிருக்க முடியாது.

எமது வகுப்பினர் யாவரும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்திற் சிறப்புச் சித்தி பெற்றனர் என்று எழுத எனக்கும் விருப்பமே. உண்மை அதுவன்று. பலர் சாதாரண சித்தியே பெற்றனர். சிலர் அதனையும் பெறவில்லை. ஆயினும், ஆங்கில எழுத்தைக் கண்டதும் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அச்சம் எம்மை விட்டு நீங்கிற்று. இன்று கலைப்பீட நூலகத்திலே ஓர் ஆங்கில ஆய்வு நூலை எடுத்து, அகராதியின் துணையுடனேனும் முதற் பக்கத்தைக் கடக்கும் துணிவு எனக்கு உண்டெனின், அது அம்முப்பது கதைநூல்களும் அவற்றை அலுமாரியிலிருந்து வெளியே எடுத்த ஒருவரும் தந்ததாகும்.

ஆகவே, பின்தங்கிய பாடசாலைகளுக்கு நூல் சேகரிக்க முற்படும் எம்போன்ற மாணவர், பெட்டியை நிரப்புவதற்கு முன்னர் ஒரு கடிதம் எழுதுவது நன்று. “உமது வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? அவர்கள் எதை வாசிப்பர்? உமக்கு எது தேவை?” என்று அங்குள்ள ஆசிரியரை வினவுதல் வேண்டும். அவர் கேட்பது பத்துக் கதைநூலும் ஒரு கட்டுக் கொப்பியுமாகவே இருக்கலாம். அதைக் கொடுத்தாற் போதும்.